சின்ன டிராக்டர் வாங்கும்போது ஹெச்பியைக் கடைசியாகப் பாருங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலு ஏக்கர் நிலம், பாதியில் மரங்கள், மீதியில் காய்கறிப் பாத்தி, ஒரு ஓரம் சரிவு. உழவு, ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி), புதர் வெட்டுவது, எரு அள்ள முன்னால் ஒரு லோடர், இவ்வளவுதான் வேலை. கையில் மூன்று மாடல்களின் விவரத்தாள் இருக்கிறது. முதலாவது 24 ஹெச்பி (குதிரைத்திறன்), எடை 760 கிலோ. இரண்டாவது 27 ஹெச்பி, 820 கிலோ. மூன்றாவது 25 ஹெச்பி, 1,120 கிலோ. "27 தானே பெரியது, அதையே எடுத்துவிடலாமா?" என்பது கேள்வி.

பெரியது மூன்றாவதுதான். ஹெச்பியை வைத்து டிராக்டரின் அளவைக் கணிப்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள், முதல் தடவை வாங்கியபோது நானும் அப்படித்தான்.

விவரத்தாளில் கொட்டை எழுத்தில் போடுவது எஞ்சின் ஹெச்பி. சில கம்பெனிகள் மெட்ரிக் குதிரைத்திறனில் சொல்லும் (735.5 வாட்), சில கம்பெனிகள் பழைய பிரிட்டிஷ் கணக்கில் சொல்லும் (745.7 வாட்). சிலர் ஃபேன், ஆல்டர்னேட்டர் தின்னும் சக்தியைக் கழிக்காமலே சொல்வார்கள். எனவே 24க்கும் 25க்கும் உள்ள வித்தியாசம் பாதி நேரம் காகிதத்தில்தான் இருக்கும். மூன்றையும் கிலோவாட்டுக்கு மாற்றி எழுதிப் பாருங்கள், குழப்பம் பாதி குறையும்.

அதைவிட முக்கியம் பிடிஓ ஹெச்பி, அதாவது பின்னால் சுழலும் தண்டில் உண்மையில் வந்து சேரும் சக்தி. ரோட்டவேட்டரையும் புதர் வெட்டியையும் ஓட்டப்போவது அதுதான். ஜப்பானியக் கம்பெனியான குபோட்டாவின் பிஎக்ஸ்2380 என்ற குட்டி டிராக்டரின் எஞ்சின் 21.6 ஹெச்பி, பிடிஓவில் வருவது 17.7. அதே கம்பெனியின் எல்2501 எஞ்சின் 24.8 ஹெச்பி. கியர் பெட்டி போட்டதில் பிடிஓ 20.5, ஹைட்ரோஸ்டாட்டிக் (கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் வகை) போட்டதில் 19. ஒரே வண்டி, ஒரே எஞ்சின், கியர் வகை மாறியதற்கே ஒன்றரை ஹெச்பி போய்விட்டது பாருங்கள். உங்கள் 27 ஹெச்பி மாடல் ஹைட்ரோஸ்டாட்டிக், 25 ஹெச்பி மாடல் கியர் என்றால் பிடிஓவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்து நிற்கலாம்.

இனி எடைக்கு வருகிறேன், கொஞ்சம் கணக்கு போட வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மெட்ரிக் குதிரைத்திறன் என்பது 75 கிலோ இழுவிசையை விநாடிக்கு ஒரு மீட்டர் நகர்த்துவது. சக்கரத்துக்கு 15 ஹெச்பி போய்ச் சேர்கிறது என்று வையுங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர் என்ற உழவு வேகத்தில் அது சுமார் 800 கிலோ இழுவிசை தர வேண்டும். ஆனால் டயர் மண்ணைப் பிடித்தால்தானே இழுக்கும்? நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகூட நல்ல கெட்டியான மண்ணில் தன் எடையில் ஏறத்தாழ பாதியைத்தான் வழுக்காமல் இழுக்கும், பொலபொலத்த மண்ணில் அதைவிடக் குறைவு. அப்படியென்றால் 820 கிலோ வண்டி இழுக்கப்போவது 400 கிலோ. எஞ்சினில் மிச்சம் இருக்கும் சக்தி சக்கரத்தைச் சுற்றவைத்து மண்ணைத் தோண்டத்தான் பயன்படும். 1,120 கிலோ வண்டியோ, ஹெச்பி இரண்டு குறைவாக இருந்தும், 550 கிலோவுக்குப் பக்கத்தில் இழுக்கும். கலப்பை, கொத்துக் கலப்பை, ஏற்றத்தில் டிரெய்லர் என்று இழுக்கிற வேலை எதுவானாலும் முதலில் தீர்ந்துபோவது எடைதான், எஞ்சின் இல்லை.

குபோட்டாவிலேயே இன்னொரு ஜோடியைப் பாருங்கள். பி2601 என்பது 24.3 ஹெச்பி, எல்2501 என்பது 24.8. காகிதத்தில் அரை ஹெச்பி வித்தியாசம். ஆனால் முதலாவதின் எஞ்சின் 1.1 லிட்டர், வண்டி முக்கால் டன் அளவில். இரண்டாவதின் எஞ்சின் 1.6 லிட்டர், வண்டி 1,100 கிலோ அளவில். பக்கத்தில் நிறுத்தினால் பெரிய அண்ணனும் சின்னத் தம்பியும் மாதிரி இருக்கும். பெரிய சட்டகத்தில் ஏன் சின்ன ஹெச்பி என்று கேட்பீர்கள். அமெரிக்கப் புகை விதியில் 19 கிலோவாட், அதாவது 25 ஹெச்பி சொச்சத்துக்கு மேலே போனால் கட்டுப்பாடு கடுமையாகிறது, பொதுவாகப் புகைக்கரி வடிகட்டி, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் எரிபொருள் முறை எல்லாம் வைக்க வேண்டி வருகிறது. அதனால் பல கம்பெனிகள் 24 சொச்சத்தில் கோடு போட்டு நிறுத்தி ஒரு மாடல் விடுகின்றன. எல்2501 சட்டகத்திலேயே 33 ஹெச்பி வைத்து எல்3301 என்று வந்தது, அதில் வடிகட்டி உண்டு. வடிகட்டி கெட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவ்வப்போது எஞ்சினை வேகமாக ஓடவிட்டு உள்ளே சேர்ந்த கரியை எரிக்க வேண்டும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, மறுபடி பத்து நிமிடம் ஓட்டுகிறவருக்கு அது தொல்லை. நீங்கள் எருக்குழிக்கும் பாத்திக்கும் நடையாய் நடக்கிற ஆள் என்றால் இதை யோசியுங்கள்.

அப்படியானால் கனமானதுதான் எப்போதும் நல்லதா? இல்லை. ஈரம் காயாத காய்கறிப் பாத்தியில் கனமான வண்டி ஏறினால் மண் இறுகிப்போகும், அதைத் திரும்ப இளக்குவதற்கு ஒரு பருவமே ஆகும். ரோட்டவேட்டரும் புல் வெட்டியும்தான் முழுநேர வேலை என்றால் லேசான வண்டியே போதும், ஏனென்றால் அங்கே சக்தி பிடிஓ வழியாகப் போகிறது, டயர் வழியாக இல்லை. ரோட்டவேட்டர் சொல்லப்போனால் வண்டியை முன்னுக்குத் தள்ளக்கூடச் செய்யும். லேசான வண்டிக்கு எடை சேர்க்கவும் முடியும், பின் டயரில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பலாம், சக்கரத்தில் இரும்பு எடை மாட்டலாம். கனமான வண்டியை லேசாக்கத்தான் வழி இல்லை.

அப்புறம் அகலம். இதற்குக் கடைக்குப் போக வேண்டாம், ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள். மர வரிசைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று தண்டிலிருந்து தண்டுக்கு அளக்காதீர்கள், கிளையிலிருந்து கிளைக்கு அளங்கள். பிறகு விவரத்தாளில் பின் டயரின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை உள்ள அகலத்தைப் பாருங்கள். இதில் ஒரு கொக்கி இருக்கிறது: ரோட்டவேட்டர் இந்த வெளி அகலத்தைவிடக் கொஞ்சமாவது கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் டயர் மிதித்த தடம் உழாமலே கிடக்கும். அகலமான ரோட்டவேட்டருக்கு பிடிஓ சக்தியும் கூடுதலாக வேண்டும். ஆக, டயர் அகலம் ரோட்டவேட்டரைத் தீர்மானிக்கிறது, ரோட்டவேட்டர் பிடிஓவைத் தீர்மானிக்கிறது. நாம் எல்லோரும் தலைகீழாக எஞ்சினில் ஆரம்பித்து ரோட்டவேட்டருக்கு வருகிறோம். நான் முதலில் வாங்கிய வண்டிக்குப் பொருத்தமான ரோட்டவேட்டர் என் கடைசி இரண்டு வரிசைக்குள் நுழையவே இல்லை, அந்த இரண்டு வரிசையையும் நாலு வருடம் மண்வெட்டியால்தான் பார்த்துக்கொண்டேன்.

உயரத்தையும் பாருங்கள். இருக்கைக்குப் பின்னால் நிற்கும் இரும்பு வளைவு, வண்டி கவிழ்ந்தால் உங்களைக் காப்பாற்றுவதற்காக இருப்பது. தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் போக அதை மடக்குகிற வசதி சில மாடல்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. மடக்கி ஓட்டும்போது சீட் பெல்ட் போடக் கூடாது, நிமிர்த்தி ஓட்டும்போது கட்டாயம் போட வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். வளைவு நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் உங்களை அதன் பாதுகாப்புக்குள் பிடித்து வைக்கிறது. வளைவு மடங்கியிருந்தால் அதே பெல்ட் உங்களை வண்டியோடு கட்டிப்போட்டுவிடும்.

கியரா ஹைட்ரோஸ்டாட்டிக்கா என்பதில் ஆளாளுக்கு ஒரு கட்சி. என் கட்சியைச் சொல்கிறேன். நேர்கோட்டில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காக உழுபவருக்கு கியர். எஞ்சின் சக்தி வீணாகாமல் சக்கரத்துக்குப் போகும், டீசல் மிச்சம், பழுதானால் பிரித்துப் பார்க்க ஆள் கிடைப்பதும் சுலபம். லோடரை வைத்து முன்னே பின்னே, முன்னே பின்னே என்று நாள் முழுக்க எரு அள்ளுபவருக்கு ஹைட்ரோஸ்டாட்டிக். மிதியை அழுத்தினால் முன்னே, மாற்றி அழுத்தினால் பின்னே, கிளட்ச்சே வேண்டாம், முழங்கால் பிழைக்கும். மரங்களுக்கு நடுவே புல் வெட்டுபவருக்கும் அதுதான், ஏனென்றால் பிடிஓ வேகம் குறையாமல் வண்டியின் வேகத்தை மட்டும் குறைக்கலாம். இரண்டுக்கும் நடுவில், கியரை மாற்றாமல் ஒரு நெம்புகோலில் முன்பின் மாற்றும் ஷட்டில் வகை உண்டு. லோடர் அரை நாள், உழவு அரை நாள் என்கிற உங்களைப் போன்றவருக்கு அது மோசமில்லை, ஆனால் ஓடும்போதே மாற்றக்கூடிய சிங்க்ரோ ஷட்டிலா, வண்டி முழுக்க நின்ற பிறகுதான் மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விவரத்தாளில் இரண்டையும் ஷட்டில் என்றே போட்டிருப்பார்கள்.

பிடிஓ எந்த வகை என்பதையும் அப்படியே கேட்டுவிடுங்கள். சாதாரண வகையில் கிளட்ச்சை மிதித்தால் வண்டியும் நிற்கும், பிடிஓவும் நிற்கும். புதர் வெட்டியில் ஒரு கொத்து அடைத்துக்கொண்டால் வண்டியை நிறுத்திவிட்டு வெட்டியை மட்டும் ஓடவிட முடியாது. அதைவிட ஆபத்து ஒன்று, வேகமாகச் சுழலும் கனமான வெட்டித் தகட்டின் விசை தண்டு வழியே திரும்பி வந்து, கிளட்ச்சை மிதித்த பிறகும் வண்டியை முன்னால் தள்ளும். முன்னால் வேலியோ குளமோ இருந்தால் அவ்வளவுதான். ஒருபக்கம் மட்டும் சுற்றவிடும் ஓவர்ரன்னிங் கிளட்ச் ஒன்றைத் தண்டில் மாட்டினால் இது தீரும். இரட்டைக் கிளட்ச் வகையில் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், முழுக்க மிதித்தால் பிடிஓவும் நிற்கும். தனிக் கிளட்ச் வகை இன்னும் நல்லது, பிடிஓவை நிறுத்தத் தனி நெம்புகோலோ சுவிட்சோ இருக்கும். பிடிஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று வர எஞ்சின் எத்தனை சுற்று ஓட வேண்டும் என்ற எண்ணையும் பாருங்கள். ஒரு வண்டி 2,400இல் தருகிறது, இன்னொன்று 2,700இல் தருகிறது என்றால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கப்போகிற காது இரண்டையும் ஒன்றாக நினைக்காது.

தூக்கும் திறனில்தான் விவரத்தாள்கள் ரொம்ப விளையாடும். பின்னால் கருவிகளை மாட்டும் மூன்று முனை லிங்க்கில் "800 கிலோ தூக்கும்" என்று ஒருவர் போடுவார், "550 கிலோ" என்று இன்னொருவர் போடுவார். முதலாமவர் கீழ்க் கைகளின் நுனியிலேயே அளந்திருப்பார், இரண்டாமவர் நுனியிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் தள்ளி அளந்திருப்பார். கருவியின் கனம் எப்போதும் நுனியிலிருந்து பின்னால் தள்ளித்தான் இருக்கும், ஆகவே இரண்டாவது எண்தான் வாழ்க்கைக்கு உதவும். லோடரிலும் இதே கதை: பக்கெட் மாட்டும் முளையில் அளப்பது ஒன்று, அதிலிருந்து 500 மில்லிமீட்டர் முன்னால் அளப்பது இன்னொன்று. ஒரு மாடலின் முதல் எண்ணை இன்னொரு மாடலின் இரண்டாம் எண்ணோடு ஒப்பிட்டால் கணக்கே தப்பு. பின் லிங்க்கில் கருவி மாட்டும் முளைகளின் அளவு பெரும்பாலும் வகை 1 ஆக இருக்கும், கீழே 22 மி.மீ., மேலே 19 மி.மீ. மிகச் சின்ன வண்டிகளில் அதைவிடச் சன்னமான வகை வரலாம், அப்போது இரவல் வாங்கிய கருவி எதுவும் மாட்டாது.

லோடர் பற்றிச் சொல்லும்போது என் கதை ஒன்று. ஈர எருவைப் பக்கெட் நிறைய அள்ளிக்கொண்டு, பின்னால் எடை எதுவும் மாட்டாமல், இரண்டு சக்கர இழுப்பில் சரிவில் இறங்கினேன். முன்னால் பாரம் ஏறியதும் பின் சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கின்றன. பிரேக்கை மிதித்தால் பின் சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை, அப்படியே சறுக்கிக்கொண்டு போகிறது. பக்கெட்டைத் தரையில் அழுத்தி ஒருவழியாக நிறுத்தினேன், கை நடுக்கம் நிற்க அரைமணி நேரம் ஆயிற்று. முழுக்க என் தப்புதான். பெரும்பாலான சின்ன டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரத்தில் மட்டுமே இருக்கிறது. நான்கு சக்கர இழுப்பைப் போட்டால்தான் முன் சக்கரங்களும் அச்சு வழியாகச் சேர்ந்து பிடிக்கும். சேற்றில் இழுக்க மட்டும்தான் நான்கு சக்கரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சரிவில் நிற்கவும் அதுதான் வேண்டும் என்பது அன்று தெரிந்தது. உங்களிடம் சரிவும் லோடரும் இருப்பதால் நான்கு சக்கர இழுப்பு இல்லாத மாடலைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். லோடர் வேலை என்றால் பின்னால் எடைப்பெட்டியோ கனமான கருவியோ மாட்டியே தீர வேண்டும், பக்கெட் முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது, கீழ்க் கியரில் இறங்க வேண்டும். தார் ரோடு போன்ற சமமான கெட்டித் தரையில் மட்டும் நான்கு சக்கரத்தை எடுத்துவிடுங்கள், முன் டயர் வேகமாகத் தேயும்.

டயரில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆர்1 என்ற உழவு டயர் மண்ணை நன்றாகப் பிடிக்கும், புல்தரையைக் கிழிக்கும். ஆர்4 லோடர் பாரத்தைத் தாங்கும், சேற்றில் சுமார். ஆர்3 புல்வெளிக்கு. உங்களுக்கு ஆர்1.

ஹைட்ராலிக் பம்ப்பின் அளவை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருப்பார்கள். அதில் ஸ்டீயரிங்குக்குப் போவதும் சேர்ந்ததா, கருவிக்கு மட்டும் வருவதா என்று கேளுங்கள். மொத்தத்தைப் பெரிதாகக் காட்டுவது வழக்கம்.

இந்த எண்கள் எல்லாம் கம்பெனி சொல்வதுதானே, எப்படி நம்புவது என்றால், தனியாகச் சோதித்துப் பார்க்கும் இடங்கள் உண்டு. அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகச் சோதனைக்கூடம் 1920இலிருந்து டிராக்டர்களைச் சோதிக்கிறது. பல நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடியின் டிராக்டர் சோதனை விதிகள் 1959இல் தொடங்கியவை, பல நாடுகளின் சோதனை நிலையங்கள் அவற்றைப் பின்பற்றுகின்றன. சின்ன மாடல்களுக்கு அறிக்கை கிடைப்பது குறைவுதான், கிடைத்தால் இரண்டு வரி போதும்: பிடிஓ சக்தி, இழுவிசை. இழுவிசைச் சோதனையில் கூடுதல் எடை மாட்டி இழுத்தார்களா, மாட்டாமலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது ஒருவர் உங்களிடம் சொல்லத்தான் போகிறார், அதனால் சொல்லிவைக்கிறேன். ஜப்பான் நெல் வயல்களுக்காக அங்கேயே விற்கச் செய்த சின்ன டிராக்டர்கள், பயன்படுத்தியவையாக வேறு நாடுகளுக்குக் கப்பலேறி வருவதுண்டு. அருமையான வண்டிகள், பல வருடம் உழைக்கும். ஆனால் எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழியில் இருக்கும், மாடல் எண் வெளிநாட்டுக்கென்று செய்த மாடல்களோடு ஒத்துப்போகாது, கம்பெனியின் முகவர் உதிரிபாகம் தர மறுக்கலாம். கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு அது லாபம், மற்றவருக்குத் தலைவலி.

புதிது என்றாலும் உதிரிபாகம்தான் கேள்வி. முகவரிடம் போய் வண்டியைப் பார்ப்பதற்கு முன் உதிரிபாக மேசைக்குப் போங்கள். இந்த மாடலுக்கு ஹைட்ராலிக் ஃபில்ட்டர், முன் அச்சின் ஆயில் சீல், கிளட்ச் தட்டு இப்போது அலமாரியில் இருக்கிறதா என்று கேளுங்கள். "இரண்டு நாளில் வரவழைக்கலாம்" என்றால் பரவாயில்லை. என்ன மாடல் என்று திருப்பிக் கேட்டால் யோசியுங்கள். முதல் 50 மணி நேரத்தில் ஆயில், ஃபில்ட்டர் மாற்றுவது பல மாடல்களில் வழக்கம், அதை வீட்டுக்கு வந்து செய்வார்களா, வண்டியை ஏற்றிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

ஓட்டிப் பார்க்கும்போது கடை வாசலில் வட்டமடித்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். ரோட்டவேட்டரை நீங்களே கழற்றி நீங்களே மாட்டிப் பாருங்கள், கீழ்க் கைகளின் நுனி நீள்கிற மாதிரி இருந்தால் முதுகு நன்றி சொல்லும். வேலை செய்யும்போது போடுகிற பூட்ஸோடு ஏறி உட்காருங்கள், மிதிகள் எட்டுகின்றனவா, கால் வைக்கிற இடத்தில் லிங்க்கின் நெம்புகோல் இடிக்கிறதா என்று பாருங்கள். திரும்பிப் பின்னால் இருக்கும் கருவியை ஒரு பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள், உங்கள் வேலையில் பாதி நேரம் கழுத்து அப்படித்தான் இருக்கப்போகிறது. டீசல் ஊற்றும் வாய் எங்கே, ரேடியேட்டர் வலையை எடுத்துத் தூசி தட்ட எவ்வளவு நேரம், இதையெல்லாம் விற்பவர் காட்டக் காத்திருக்காமல் நீங்களே செய்து பாருங்கள்.

சரி, மூன்றில் எது? நீங்கள் சொன்ன வேலைகளை வைத்துப் பார்த்தால் என் கை மூன்றாவதற்குத்தான் போகிறது, 25 ஹெச்பி, 1,120 கிலோ. சரிவும் லோடரும் சேர்ந்த இடத்தில் 800 கிலோ வண்டியை நான் நம்ப மாட்டேன். ஆனால் அதன் வெளி அகலமும், அதற்கேற்ற ரோட்டவேட்டரும் உங்கள் வரிசைக்குள் போகாது என்றால் இந்தப் பேச்சே வீண். அப்போது முதலாவது மாடல், டயரில் தண்ணீர் நிரப்பி, லோடரில் அரைப் பக்கெட்டோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்யலாம். 27 ஹெச்பி மாடலை எடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. நாளை காலையில் கிளைக்குக் கிளை அளந்து, மிகக் குறுகலான இடம் எவ்வளவு, மிகத் தாழ்ந்த கிளை எவ்வளவு உயரம் என்ற இரண்டு எண்ணையும், மூன்று மாடல்களின் பிடிஓ ஹெச்பியையும் எழுதுங்கள், மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.